மாயூரம் முன்சீப்பின் தமிழ்

தமிழ் இலக்கிய வரலாற்று நூல்களில் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பெயர் பெரும்பாலும் ஒரே செய்தியோடு நின்றுவிடுகிறது. 1879-ல் அச்சேறிய ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ தமிழின் முதல் நாவல், அதை இயற்றியவர் அவர் என்பதே அந்தச் செய்தி. அது தவறன்று, ஆனால் அந்த மனிதரை அறிந்துகொள்ள அது போதாது. நாவல் வெளிவருவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே அவர் ‘நீதி நூல்’ என்ற செய்யுள் நூலை வெளியிட்டிருந்தார். அதையடுத்து உயர்ந்த நீதிமன்றத்தின் தீர்ப்புகளைத் தமிழாக்கி நூலாகத் தந்திருந்தார். பெண் கல்விக்காக எழுதியிருந்தார். நாவலுக்கு ஓராண்டு முன்னர் எல்லாச் சமயத்தாரும் பாடத்தக்க கீர்த்தனைகளின் தொகுப்பையும் அளித்திருந்தார். படைப்பு, ஒழுக்கம், இறைப்பற்று, ஊர்ப்பணி என்று இன்று தனித்தனித் தலைப்புகளில் வைத்துப் பேசப்படுபவை அவரிடத்தில் ஒன்றாகவே இருந்தன என்பதையும், அந்த ஒருமை பிறந்த இடம் புலவர் அவையோ கோயில் வாசலோ அன்று, சிறு வழக்குகளை விசாரிக்கும் முன்சீப்பு கோர்ட்டே என்பதையும் அவருடைய நூல்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் உணரலாம்.

வேதநாயகம் பிள்ளை 1826 அக்டோபர் 11 அன்று திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தையார் சவரிமுத்துப் பிள்ளை. (தஞ்சாவூரில் வாழ்ந்து கிறித்தவப் பாடல்கள் பல இயற்றிய வேதநாயக சாஸ்திரியார், 1774-க்கும் 1864-க்கும் இடையே வாழ்ந்த புராட்டஸ்டண்டு சபையார் வேறொருவர்; பெயர் ஒற்றுமையால் இருவரையும் ஒருவராகக் கருதிவிடும் பிழை இன்னும் நீங்கவில்லை.) திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த தியாகராச பிள்ளையிடம் ஆங்கிலமும் தமிழும் கற்ற அவர், அதே நீதிமன்றத்தில் ஆவணங்களைக் காக்கும் பணியில் சேர்ந்து, பின்னர் மொழிபெயர்ப்பாளராகி, 1857-ல் தரங்கம்பாடியில் மாவட்ட முன்சீப்பாக அமர்ந்தார். அங்கிருந்து சீர்காழிக்கும், அதன்பின் மாயூரத்துக்கும் மாற்றப்பட்டு, 1872-ல் ஓய்வு பெறும்வரை நீதிபதியாகவே இருந்தார்.

முன்சீப் என்பது நியாயம் வழங்குபவர் என்ற பொருளுடைய அரபுச் சொல். கம்பெனி ஆட்சிக் காலத்தில் நீதித்துறையின் அடிப்படியில் உள்ள உரிமையியல் நீதிபதியை, அதாவது சொத்து, கடன், குடும்ப உரிமை போன்ற வழக்குகளை முதலில் கேட்டுத் தீர்ப்பவரை, அச்சொல் குறித்தது. மேலே உள்ள மன்றங்களில் ஆங்கிலேயர் வீற்றிருக்க, நாட்டவருக்கு எட்டக்கூடிய நீதிப் பதவியாக இருந்தது பெரும்பாலும் இதுவே. ஆதலால் குடியானவர் நேரே வந்து நிற்கும் இடமும் இதுவே. காவிரிக் கழிமுகம் போன்ற நெல் விளையும் நாட்டில் ஒத்தி, போக்கியம், பாகப் பிரிவினை, சுவீகாரம், வாய்க்கால் உரிமை, வாரக் கணக்கு என்று வழக்குகளுக்குக் குறைவிருக்கவில்லை. ஒவ்வொன்றிலும் வாதி ஒரு கதை சொல்வான். பிரதிவாதி அதற்கு மாறாக மற்றொரு கதை சொல்வான். சாட்சிகள் தங்கள் தங்கள் ஊர்ப் பேச்சில் மூன்றாவது, நான்காவது கதைகளைச் சொல்வார்கள். பதினைந்து ஆண்டுகள் இவற்றைக் கேட்டுக் கேட்டு, எது நடந்தது, யாருக்கு எது உரியது என்று எழுத்தில் தீர்த்துச் சொன்ன ஒருவர் பின்னாளில் உரைநடைக் கதை எழுதத் தொடங்கியதில் வியப்பு இல்லை. தமிழின் முதல் நாவலாசிரியர் மனித நடத்தையைப் பயின்ற பள்ளிக்கூடம் அந்தச் சாட்சிக் கூண்டே.

அவருடைய முதல் பெரும் உரைநடை முயற்சியும் சட்டத்தைச் சார்ந்ததே. அக்காலத்தில் சென்னை மாகாணத்தின் மேல் முறையீட்டு மன்றமாக இருந்தது சதர் அதாலத்து. 1862-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்பட்டபோது சதர் அதாலத்து அதனோடு இணைந்து மறைந்தது. கீழ் மன்றங்களுக்கு வழிகாட்டிய அந்த மன்றத்துத் தீர்ப்புகள் ஆங்கிலத்தில் இருந்தமையால், அவற்றால் வாழ்வும் தாழ்வும் அடைந்த மக்களுக்கு அவை எட்டாதவையாகவே இருந்தன. 1805 முதல் 1861 வரையிலான அத்தீர்ப்புகளின் சாரத்தை வேதநாயகம் பிள்ளை ‘சித்தாந்த சங்கிரகம்’ என்ற பெயரில் தமிழாக்கினார். இன்று அந்நூலைத் தேடிப் படிப்பவர் மிகச் சிலர். ஆனால் தமிழ் உரைநடையின் வளர்ச்சியை ஆராய்பவர்கள் அதைத் தாண்டிச் செல்வது பெருங்குறை. செய்யுளில் ஒரு சொல்லுக்கு இரு பொருள் இருந்தால் அது அணி. தீர்ப்பில் ஒரு சொல்லுக்கு இரு பொருள் இருந்தால் ஒரு குடும்பத்தின் நிலம் கைமாறிப் போகும். சொல்லின் பொருள் ஐயத்துக்கு இடமின்றி நிற்க வேண்டும், வாக்கியம் எவ்வளவு நீண்டாலும் எழுவாய் எது பயனிலை எது என்பது தெரிய வேண்டும் என்ற கட்டுப்பாட்டில் பழகிய கை அது. அந்தப் பழக்கமே பின்னர் நாவலின் தெளிந்த நடைக்கு அடிமனை ஆயிற்று.

1859-ல் வெளிவந்த ‘நீதி நூல்’ திருக்குறளைப் போல அதிகாரங்களாகப் பகுக்கப்பட்டது. தெய்வம் உண்டு என்று நிறுவும் அதிகாரத்தில் தொடங்கி, அரசர் கடமை, குடிகள் கடமை, பெற்றோரைப் போற்றுதல், மாதரைப் படிக்க வைத்தல் என்று சென்று, களவு, பொய், சூது முதலிய குற்றங்களைக் கடிந்து பேசுகிறது. பழைய நீதி நூல்களிலிருந்து அது வேறுபடும் இடம் கைக்கூலியைப் பற்றிய பகுதி. கைக்கூலி என்பது இன்று இலஞ்சம் என்றும் அக்கால வழக்கில் பரிதானம் என்றும் சொல்லப்படுவது. பழைய அறநூல்கள் கொடுங்கோல் மன்னனைக் கண்டித்தன. அவற்றின் காலத்தில் தீமை செய்யும் ஆற்றல் மன்னனிடம் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த ஆற்றல் சிறு சிறு துண்டுகளாகி, கணக்குப் பிள்ளை, சேவகன், குமாஸ்தா, தாசில்தார், நீதிபதி என்று ஒவ்வொரு மேசைக்கும் பங்கு போய்விட்டது. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவனுடைய ஒழுக்கமே இனி நாட்டின் ஒழுக்கம் என்று கண்டு, தாமும் அப்படி உட்கார்ந்திருந்த ஒருவர் அதைத் தமக்கும் சேர்த்தே சொன்னார் என்பதில்தான் இந்நூலின் வலிமை இருக்கிறது. கவித்திறத்தை மட்டும் நோக்கினால் பல செய்யுள்கள் மெலிந்தவை என்பதை மறைக்க வேண்டியதில்லை.

அவருடைய இறைப்பற்றைப் புரிந்துகொள்வதில்தான் மிகுந்த கவனம் வேண்டும். 1878-ல் வெளியான ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’ என்ற தொகுப்பில் உள்ள பாடல்கள் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற கீர்த்தனை அமைப்பைக் கொண்டவை: பல்லவி பாட்டின் கருத்தை நாட்டும், அனுபல்லவி அதைத் தொடரும், சரணங்கள் அதை விரிக்கும். பக்திக் கீர்த்தனைக்கு அதுவரை இருந்த மரபு ஒரு குறிப்பிட்ட தெய்வத்தின் பெயர், தலம், திருவிளையாடல் ஆகியவற்றை ஆதாரமாகக் கொண்டது. இவருடைய பாடல்களோ எந்த ஒரு சமயத்துக்கும் தனியுரிமையான கதைகளை நாடாமல், படைத்தவனாகவும் காப்பவனாகவும் எல்லாரும் ஏற்கும் கடவுளை முன்னிறுத்திப் பாடுகின்றன. இதனால் இவர் தம் சமயத்தில் பற்றுக் குறைந்தவர் என்று எண்ணிவிடலாகாது. ‘தேவமாதா அந்தாதி’, ‘திருவருள் அந்தாதி’, ‘சத்திய வேதக் கீர்த்தனை’ என்று கத்தோலிக்க நம்பிக்கையை வெளிப்படையாகப் பாடும் நூல்களையும் அவர் இயற்றியிருக்கிறார். தம் வழிபாட்டைத் தம்மளவில் முழுமையாக வைத்துக்கொண்டு, பொது இடத்தில் பொதுச் சொல்லால் பாடியவர் அவர்.

இந்தப் பொதுச் சொல் அவருக்கு எங்கிருந்து கிடைத்தது என்ற கேள்விக்குத் தமிழ் மரபிலேயே ஒரு விடை உண்டு. தாயுமானவர் முதல் சமரசம் என்ற கருத்து இங்கே வேரூன்றியிருந்தது. வேதநாயகம் பிள்ளையின் காலத்திலேயே, மாயூரத்துக்கு வெகு தொலைவில் இல்லாத வடலூர்ப் பகுதியில் இராமலிங்க அடிகள் 1865-ல் சன்மார்க்க சங்கத்தையும் 1867-ல் பசித்தவருக்கு உணவிடும் தருமச்சாலையையும் நிறுவியிருந்தார். மற்றொரு விடை நீதிமன்றத்தில் இருக்கிறது என்று கருத இடமுண்டு. கம்பெனியின் நீதிமன்றங்களில் இந்துக்கள் கங்கை நீரையும் முஸ்லிம்கள் குர்ஆனையும் முன்வைத்துச் சத்தியம் செய்யும் முறை 1840-ம் ஆண்டின் ஐந்தாம் சட்டத்தால் நீக்கப்பட்டு, எல்லாம் வல்ல கடவுளின் முன்னிலையில் உண்மை சொல்வதாக உறுதி கூறும் முறை வந்தது. முன்சீப்பின் எதிரே நின்ற இந்துவும் முஸ்லிமும் எந்தச் சமயத்தின் பெயரையும் எடுக்காமல் கடவுளைச் சாட்சி வைத்துப் பேசத் தொடங்கிய அந்த வாசகம் அவர் காதில் ஆண்டுக்கணக்காக விழுந்துகொண்டிருந்தது. கீர்த்தனைகளில் வரும் கடவுளுக்கும் இந்த வாசகத்தில் வரும் கடவுளுக்கும் உள்ள ஒப்புமை தற்செயலானதாகத் தோன்றவில்லை.

சமரசம் அவருக்கு நூலில் மட்டும் இருந்ததன்று. மாயூரம் சைவத்தின் மையம். திருவாவடுதுறை ஆதீனமும் தருமபுரம் ஆதீனமும் அருகருகே உள்ள பகுதி. அங்கே கத்தோலிக்கராகிய இந்த முன்சீப்புக்கு நெருங்கிய நண்பர்களாக இருந்தவர்கள் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரும் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியாரும். மீனாட்சிசுந்தரம் பிள்ளை தம் நண்பரைத் தலைவராகக் கொண்டு ‘குளத்துக் கோவை’ பாடினார். கோவை என்பது அகப்பொருள் துறைகளைக் கட்டளைக் கலித்துறைச் செய்யுள்களில் நிரலாக அமைத்து, இடையிடையே பாட்டுடைத் தலைவனைப் போற்றும் சிற்றிலக்கிய வகை. பொதுவாகத் தெய்வத்துக்கும் அரசருக்கும் வள்ளல்களுக்கும் உரியது. தல புராணங்கள் பல இயற்றிய ஒரு சைவப் பெரும்புலவர் அந்த வகையை ஒரு கிறித்தவ நீதிபதிக்கு உரியதாக்கினார். அந்த நீதிபதி சைவ மடத்தின் தலைவரைச் செய்யுளில் பாராட்டினார். உ. வே. சாமிநாதையர் தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வரலாற்றை எழுதியபோது இந்த நட்பை மிகவும் மதித்துப் பதிவு செய்திருக்கிறார்.

1876-ல் பருவமழை பொய்த்துத் தாது வருடப் பஞ்சம் தொடங்கியது. 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் மட்டும் பல இலட்சம் உயிர்கள் மாண்டன. பல்லாரி, கடப்பை, சேலம் போன்ற வறண்ட மாவட்டங்களை ஒப்பிடக் காவிரிப் பாசனம் பெற்ற தஞ்சை மாவட்டம் ஓரளவு தப்பியது. ஆனால் நெல் விலை எங்கும் ஏறியது. பசித்தவர்கள் நெல் உள்ள திசை நோக்கி நடந்து வந்தார்கள். நிவாரண வேலைக்கு வந்த ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது ஏறத்தாழ 450 கிராம் தானியமும் சிறிதளவு காசும் போதும் என்று 1877-ல் இந்திய அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் கூலியைக் குறைத்ததும், மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் அந்த அளவு உயிர் தாங்கப் போதாது என்று எதிர்த்ததும் அரசாங்க வரலாற்றில் உள்ளவை. மாயூரத்தில், ஓய்வு பெற்றுப் பதவி ஏதும் இல்லாமல் இருந்த வேதநாயகம் பிள்ளை தம் பொருளைச் செலவிட்டுக் கஞ்சித் தொட்டிகள் ஏற்படுத்தினார். கஞ்சித் தொட்டி என்பது பெரிய பாத்திரங்களில் கஞ்சி காய்ச்சி, சாதி சமயம் கேளாமல் வந்தவர் கலத்தில் ஊற்றும் இடம். பஞ்ச காலத்துச் சொல். கோபாலகிருஷ்ண பாரதியார் அந்தத் தொண்டைக் கண்டு அவரைப் புகழ்ந்து பாடினார் என்பது இசை மரபில் வழங்கும் செய்தி. பஞ்சத்தின் கொடுமையைக் கடவுளிடம் முறையிடும் பாடல்களை வேதநாயகம் பிள்ளையும் பாடினார். கீர்த்தனைத் தொகுப்பு வெளிவந்த 1878-ம் ஆண்டு பஞ்சத்தின் கடைசி ஆண்டு என்பதை நினைவில் கொண்டு படித்தால், சமரசம் என்ற சொல்லின் பொருள் அங்கே மேலும் கனம் பெறும். பிற்காலத்தில் மாயூரம் நகராட்சியின் தலைமைப் பொறுப்பையும் அவர் ஏற்றார்.

இவ்வளவுக்கும் பின் வந்தது ‘பிரதாப முதலியார் சரித்திரம்’. அதன் முன்னுரையில் ஆசிரியர் தம் நோக்கத்தை வெளிப்படையாகவே கூறுகிறார். தமிழில் உரைநடை நூல்கள் இல்லாத குறையைத் தீர்ப்பது ஒன்று. தம் முந்தைய நூல்களில் செய்யுளாகச் சொன்ன நீதிகளைக் கதையின் வழியே எடுத்துக்காட்டுவது மற்றொன்று. முதன்மைப் பாத்திரங்களைக் குற்றமற்றவர்களாகப் படைத்ததற்கு ஆங்கில அறிஞர் ஜான்சனின் கருத்தையும் துணைக்கு அழைக்கிறார். பிற்காலத் திறனாய்வாளர்கள் இதையே நாவலின் குறையாகக் கண்டார்கள்: பாத்திரங்கள் வளர்வதில்லை, கதை நின்று நின்று உபதேசமாகிறது, கிளைக் கதைகள் மிகுதி என்றார்கள். இவை எல்லாம் உண்மையே. ராஜமையரின் ‘கமலாம்பாள் சரித்திர’த்தில் காணும் வாழ்வின் ஈரம் இதில் இல்லை. ஆனால் உபதேசம் செய்யாத இடங்களில் இந்நூல் என்ன செய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

செல்வர் வீட்டுப் பிள்ளையான பிரதாபனுக்குப் படிப்பில் நாட்டமில்லை. அவனை அடிக்கக் கூடாது என்பது வீட்டாரின் கட்டளை. ஆதலால் அவன் பிழை செய்யும்போதெல்லாம் உபாத்தியாயரின் ஏழை மகனாகிய கனகசபைக்கு அடி விழுகிறது. கதை சொல்லும் பிரதாபன் இதைச் சிரிப்பூட்டும் இளமை நிகழ்ச்சியாகவே சொல்லிச் செல்கிறான்; வாசகரும் சிரிக்கிறார். சிரித்து முடித்த பிறகுதான், குற்றம் ஒருவனுடையது, தண்டனை வேறொருவனுடையது, இரண்டுக்கும் இடையே நிற்பது பணம் என்ற கசப்பு தெரிகிறது. இதே கருத்து ‘நீதி நூ’லில் ஒரு செய்யுளாக வந்திருந்தால் படித்தவர் தலையசைத்துவிட்டு அடுத்த செய்யுளுக்குப் போயிருப்பார். இங்கே கனகசபையின் முதுகு நினைவில் நிற்கிறது. கதையால் நீதி சொல்ல முடியும் என்று ஆசிரியர் முன்னுரையில் கொண்ட நம்பிக்கை மெய்யாவது இத்தகைய இடங்களில்தான்.

பிரதாபனின் மனைவி ஞானாம்பாளின் பாத்திரமும் அத்தகையதே. ‘பெண்மதி மாலை’யிலும் பெண் கல்வி பற்றிய கட்டுரையிலும் பெண்கள் படிப்பது நல்ல மனைவியாகவும் தாயாகவும் விளங்குவதற்கே என்ற அளவில் பெரும்பாலும் நின்றவர் ஆசிரியர். அந்த எல்லை அவர் காலத்தின் எல்லை. அதை அவரும் கடக்கவில்லை. ஆனால் நாவலில் கணவனைத் தேடி ஆண் வேடத்தில் செல்லும் ஞானாம்பாள், அரசன் இல்லாத விக்கிரமபுரியில் யானை மாலையிட்டதால் அரியணை ஏறி, அந்நாட்டைச் செம்மையாக ஆள்கிறாள். பிரதாபன் அதே ஊரில் சிறைப்பட்டுக் கிடக்க, அவனை விடுவிப்பதும் அவளே. கட்டுரை எழுதிய கை தயங்கிய இடத்தை, கதை எழுதிய கை எளிதாகத் தாண்டியிருக்கிறது. ஒழுக்கத்தை விளக்கவே கற்பனையைப் பயன்படுத்துவதாகச் சொன்ன ஆசிரியரை அந்தக் கற்பனையே அவருடைய ஒழுக்க நூல்களுக்கு அப்பால் அழைத்துச் சென்றது என்பதே இந்நாவலின் மிகப் பெரிய பேறு.

நாவலில் நீதிமன்ற மொழியைப் பற்றிய பகுதியே ஆசிரியரின் சொந்த அனுபவம் நேரே பேசும் இடம். வழக்காடுபவரும் தமிழர், வக்கீலும் தமிழர், நீதிபதியும் தமிழ் அறிந்தவர் என்றிருக்க, வாதம் மட்டும் ஆங்கிலத்தில் நடப்பதை அது கடுமையாகக் கண்டிக்கிறது. தன் நிலத்தைப் பற்றிய பேச்சைத் தன் எதிரிலேயே கேட்டும் விளங்காமல் நிற்கும் குடியானவனின் நிலையை எடுத்துக்காட்டி, தமிழில் சட்ட நூல்கள் இல்லாமையும் தாய்மொழிக் கல்வி புறக்கணிக்கப்படுவதும் இதற்குக் காரணங்கள் என்று காட்டுகிறது. ‘சித்தாந்த சங்கிரகம்’ எழுதியவருக்கு இது மேடைப் பேச்சு அன்று. சட்டத்தைத் தமிழில் சொல்ல முடியும் என்பதைத் தம் கையாலேயே செய்து காட்டிய பிறகு அவர் வைத்த வழக்கு.

வேதநாயகம் பிள்ளை 1889 ஜூலை 21 அன்று மாயூரத்தில் காலமானார். நீதிமன்றத் தமிழுக்காக அவர் வைத்த வழக்கு அவருக்குப் பின்னும் நீண்டது. 1956-ல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் இயற்றப்பட்டது. 1976-ல் அதில் செய்யப்பட்ட திருத்தம் கீழ் நீதிமன்றங்களில் சாட்சியத்தையும் தீர்ப்பையும் தமிழில் எழுத வழி செய்தது. உயர் நீதிமன்றத்திலும் தமிழ் வழக்காடு மொழியாக வேண்டும் என்று தமிழ்நாடு சட்டமன்றம் 2006-ல் தீர்மானம் நிறைவேற்றி அனுப்பியது. 2012-ல் உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் முழுக் கூட்டம் அதை ஏற்கவில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 348-ஆம் பிரிவின்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மொழி இன்றும் ஆங்கிலமே.